பள்ளிவாசல் நேரப் பலகையும் முதுமையடைந்த உலாவியும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், ஒரு கருவி தோன்றிய ஆண்டைக் குறிப்பதிற் காட்டும் அக்கறையை அது பயனற்றுப்போன ஆண்டைக் குறிப்பதிற் காட்டுவதில்லை. முன்னைய கருவிகளைப் பொறுத்தவரை இது பெருங்குறையன்று. செக்கு உடைந்தால் உடைந்தது கண்ணுக்குத் தெரியும். மணிக்கூட்டின் வில் அறுந்தால் முள் நின்றுவிடும். ஆனால், நம் காலத்தில் வேறொரு வகை முதுமை தோன்றியுள்ளது. கண்ணாடித் திரை பழுதின்றி ஒளிர்கிறது, மின்சாரம் வருகிறது, இணைய இணைப்பும் உண்டு. எனினும் நேற்றுவரை தெரிந்த பக்கம் இன்று தெரியவில்லை. கருவியில் எதுவும் கெடவில்லை. கருவிக்கு வெளியே உலகம் நகர்ந்துவிட்டது. இத்தகைய முதுமை எவ்வாறு உண்டாகிறது, அதன் சுமையை யார் சுமக்கின்றனர் என்பவற்றை, மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஈறாகப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல் நேரப் பலகையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் பேருந்து நிலையத்திலும் தொங்கும் இலக்கமுறைக் காட்சிப் பலகைகளை விடுத்துப் பள்ளிவாசற் பலகையை ஏன் தெரிந்துகொண்டோம் என்ற வினா எழலாம். வங்கிப் பலகை நாணய மாற்று விகிதத்தைப் பிழையாகக் காட்டினால், கரும பீடத்திற் கேட்டு அறிந்துகொள்ளலாம். பள்ளிவாசற் பலகையோ நாளொன்றுக்கு ஐந்து முறை ஓர் ஊரே பார்த்து ஒழுகும் பலகை. அதனைப் பார்த்துப் பாங்கு சொல்லப்படுகிறது. நோன்பு மாதத்தில் அதனைப் பார்த்தே உணவு நிறுத்தப்படுகிறது. பிழையான ஒரு நிமிடத்துக்கும் அங்கே பொருள் உண்டு.

இப்பலகைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. தொழுகை நேரங்கள் ஐந்தும் சூரியனைக் கொண்டே வரையறுக்கப்பட்டவை. சுபஹு வைகறையின் முதல் வெளிச்சத்தோடு தொடங்குகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 18 பாகையில் நிற்கும் வேளை இது என்பது நம் பகுதியிற் பெரிதும் கைக்கொள்ளப்படும் கணக்கு. ளுஹர் சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்கும். அஸர், ஷாபிஈ வழியினரான இக்கரையோர மக்களுக்கு, ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழல் போக, அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது தொடங்கும். மஃரிபு சூரியன் மறைந்ததும். இஷா அந்திச் செம்மை மறைந்ததும். நட்ட கோலொன்றும் திறந்த வெளியும் இருந்தால் பகற்பொழுதின் நேரங்களை எவரும் கண்டுகொள்ளலாம். அறிந்த நேரத்தை அறிவிக்கத் தமிழகத்திலும் ஈழத்திலும் பள்ளிவாசல்கள் பலவற்றில் நகரா அடிக்கும் வழக்கம் இருந்தது. பின்னர்ச் சுவர் மணிக்கூடு வந்தது. அச்சிட்ட நேர அட்டவணை வந்தது. இவற்றோடு சேர்ந்து வந்த பொருளொன்று நம் கவனத்துக்குரியது. ஐந்து வேளைக்கும் ஜும்ஆவுக்குமாக ஆறு மணிக்கூட்டு முகங்களை வரைந்த மரப்பலகை அது. அதன் முட்களுக்குப் பின்னே எப்பொறியும் இல்லை. மோதினார் விரலால் திருப்பிவைப்பார். ஜமாஅத்து நேரத்தைக் காட்டுவதற்கு இதனிலும் நம்பகமான கருவி பின்னர் ஆக்கப்பட்டதா என்பது எமக்கு ஐயமே. அதன்பின் சிவப்பு விளக்கெண்கள் ஒளிரும் மின்னணுப் பலகைகள் பரவின. இறுதியாகத் தொலைக்காட்சித் திரையே நேரப் பலகையாயிற்று. இணையத்திலுள்ள ஒரு பக்கத்தைத் திறந்து நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருப்பது அதன் பணி.

இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும், நேரத்தைக் கணிக்கும் அறிவு ஊரிலிருந்து சற்று விலகிச் சென்றது என்பதை அவதானிக்கலாம். கோலின் நிழலை ஊரார் பார்த்தனர். அட்டவணையை வேறோர் ஊரில் எவரோ கணித்தனர். இணையப் பக்கத்தை வேறொரு நாட்டில் எவரோ எழுதினர். விலகல் தன்னளவில் தீதன்று. அட்டவணை நிழலைவிடத் துல்லியமானது. ஆயினும் விலகிய அறிவு பிழைத்தால் அதனை ஊரில் திருத்த இயலுமா என்பதே வினா. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சோதனை நிகழ்ந்துள்ளது.

இலங்கையின் நியம நேரம் 1906 முதல் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதாக அமைந்திருந்தது. உலகப்போர்க் காலத்தில் 1942 தொடக்கம் 1945 வரை இடையே மாறிப் பின்னர் பழைய நிலைக்கு மீண்டது. 1996 இல் மின் நெருக்கடி ஏற்பட்டபோது, மே 25 இல் நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணி பின்னகர்த்தப்பட்டன. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் 15 இல் நீக்கப்பட்டு, நாடு மறுபடியும் ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கியது. ஒரே தீவில் இரு நேரங்கள் நடைமுறையில் இருந்தன. சூரியன் எந்த அரசாங்கத்தின் ஆணைக்கும் உட்படவில்லை. அட்டவணைகளிலேயே எண்கள் மாறின. மரப்பலகையை வைத்திருந்த பள்ளிவாசலுக்கு இது ஒரு நிமிட வேலை. தன் நினைவகத்தில் அட்டவணையைப் பூட்டி வைத்திருந்த மின்னணுப் பலகைக்கோ, அதன் நேரத்தை மாற்றும் வழி தெரிந்தவர் ஊரில் இருந்தாலொழிய மீட்சியில்லை. கணினிகளும் அவ்வாறே. தத்தம் நேரவலயக் குறிப்பில் ஆறு மணி என்று எழுதிவைத்திருந்தவை, திருத்தம் பெறும்வரை அரை மணி பிழையாகவே நடந்தன. இந்திய நேரத்தைத் தெரிந்துவைப்பது இயல்பான மாற்றுவழியாயிற்று. கருவிக்கு வெளியே உலகம் நகர்ந்துவிடும் என்பதன் முதற்பாடம் இதுவே.

இரண்டாவது சங்கதி இடம் பற்றியது. கல்முனை ஏறத்தாழக் கிழக்கு நெடுங்கோடு 81.8 பாகையிலும் கொழும்பு 79.9 பாகையிலும் அமைந்துள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிடின், கல்முனையில் வைகறையும் அந்தியும் கொழும்புக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம் முன்னரே நிகழ்கின்றன. (நியம நேரத்துக்கு அடிப்படையான 82½ பாகை நெடுங்கோடு கல்முனைக்கு அப்பாற் கடலிற் செல்வதால், நம் மணிக்கூடு கொழும்பாரைவிடக் கரையோரத்தாருக்கே நெருங்கிய உறவினது.) அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் அட்டவணை நாட்டை வலயங்களாக வகுத்து, மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளுக்குத் தனி நேரங்களைத் தருவது இக்காரணம் பற்றியே. நோன்பு மாதத்தில் வானொலியிற் கேட்கும் கொழும்புப் பாங்குக்கு முன்னரே தம் ஊரில் நோன்பு திறக்கப்பட்டுவிடும் என்பதைக் கிழக்கிலங்கைச் சிறுவரும் அறிவர்.

இந்த எட்டு நிமிடம் இருபுறமும் ஒரே தன்மையதன்று. பலகை கொழும்பு நேரத்தைக் காட்டுமாயின், மாலையில் நோன்பாளி எட்டு நிமிடம் தாமதித்துத் திறப்பார். வருத்தம் உண்டு, நோன்புக்குப் பழுதில்லை. காலையிலோ, வைகறை தோன்றி எட்டு நிமிடம் கடந்த பின்னும் சஹர் உணவு உண்டுகொண்டிருப்பார். அது நோன்பையே பழுதாக்கும் செயல். எனவே பலகை இயங்காமற் போவதைவிட, இயங்கிக்கொண்டே பிழைப்பது தீங்கு மிக்கது. இதனை மனத்திலிருத்திக்கொண்டு உலாவியின் வரலாற்றுக்கு வருவோம்.

உலாவி என்பது இணையப் பக்கத்தைப் பெற்று, அதன் குறிகளைப் பொருள்கொண்டு, திரையில் வரைந்து காட்டும் மென்பொருள். 1990 இல் டிம் பேர்னர்ஸ்-லீ முதலாவது உலாவியை ஆக்கினார். 1993 இல் மொசைக்கும், 1994 இல் நெட்ஸ்கேப்பும், 1995 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வந்தன. 1995 இலேயே ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியும் பக்கங்களுக்குள் புகுந்தது. 2001 இல் வெளியான எக்ஸ்புளோரர் ஆறாம் பதிப்புக்குப் பின், அடுத்தது 2006 வரை வரவேயில்லை. உலகின் பெரும்பகுதி ஒரே பதிப்பில் ஐந்தாண்டு உறைந்து நின்றது. இணைய வடிவமைப்பாளர் அதனைச் சபித்தனர். 2008 இல் குரோம் வந்தபின் நிலைமை எதிர்முகமாயிற்று. ஆறு வாரத்துக்கு ஒன்றாகப் பதிப்புகள் வெளியாகின. 2021 முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. தானாகவே புதுப்பிக்கப்படும் கணினியிலும் கைப்பேசியிலும் இம்மாற்றத்தை எவரும் உணர்வதில்லை. உணர்வது சுவரில் மாட்டிய திரையே.

ஏனெனில், தொலைக்காட்சிப் பெட்டியின் உலாவி, பெட்டி செய்யப்பட்ட காலத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எல்.ஜி. நிறுவனத்தின் 2016, 2017 ஆம் ஆண்டு மாதிரிகளில் உள்ளது குரோமியம் 38. அது 2014 ஒக்டோபரைச் சேர்ந்தது. 2018 மாதிரிகளில் 53, 2020 இல் 68, 2021 இல் 79. சாம்சங்கின் 2017 மாதிரிகளில் 47, 2018 இல் 56, 2019 இல் 63. இவ்வெண்களிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும்: பெட்டி கடைக்கு வரும்போதே அதன் உலாவிக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வயதாகிவிடுகிறது. 2024 இன் இறுதியிற் குரோம் 131 ஆம் பதிப்பை எட்டியிருந்தது. மலிவான ஆண்ட்ராய்ட் பெட்டிகளின் கதையும் இதுவே. 2013 இன் 4.4 ஆம் பதிப்பில் உலாவிப் பொறி அமைப்போடு பிணைக்கப்பட்டிருந்தது; 2014 இன் ஐந்தாம் பதிப்பிலிருந்து தனியே புதுப்பிக்க வழி பிறந்தது. ஆனால், கூகுளின் செயலிக் கடை இல்லாது விற்கப்பட்ட பெட்டிகளுக்கு அவ்வழி பயன்படவில்லை.

பழைய உலாவி புதிய பக்கத்தை எதிர்கொள்ளும்போது நிகழ்வது யாது? இங்கே இருவகை விளைவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் விதிகளில் ஒன்று உலாவிக்குத் தெரியாவிடின், அது அவ்விதியைத் தள்ளிவிட்டு அப்பாற் செல்லும். கட்டங்கள் சரியாக அமையா. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழலாம். ஆயினும் ஏதோ தெரியும். 2017 மார்ச்சில் வந்த 57 ஆம் பதிப்புக்கு முந்தியவை கட்ட அமைப்பு விதிகளை அறியாதவை. அவற்றில் ஐந்து நேரங்களும் ஒரே நிரலிற் கீழிறங்கி, இஷா திரைக்கு வெளியே போய்விடக்கூடும். நிரல்மொழியின் நிலையோ கடுமையானது. அதில் ஒரு குறி விளங்காவிடினும் உலாவி அந்நிரற் கோப்பு முழுவதையுமே நிராகரிக்கும். வினாக்குறியும் புள்ளியும் சேர்ந்த சிறு குறியொன்று 2020 பெப்ரவரியில் 80 ஆம் பதிப்போடு வழக்குக்கு வந்தது. ஒரு பொருள் இல்லாதவிடத்து அதன் உறுப்பைக் கேட்டு இடறாதிருக்க உதவுவது. எழுதுவோருக்கு மிக வசதியானது. அதனை ஒருமுறை கையாண்ட நிரல், 79 ஆம் பதிப்பைக் கொண்ட 2021 ஆம் ஆண்டுப் பெட்டியில் ஒரு வரியும் இயங்காது. புத்தம்புதிதாக வாங்கிய பெட்டி, ஓர் எண் குறைந்தமையால் வெறுந்திரையாகிறது. இலக்கணப் பிழையொன்றுக்காக நூலையே எரிக்கும் புலவரை இது நினைவூட்டுகிறது.

இது வெளிப்படையான தோல்வி. வெறுந்திரையைக் கண்டவர் மரப்பலகையைப் பார்ப்பார். நாம் அஞ்சுவது மற்றைத் தோல்வியை. நேரப் பக்கம் ஊரின் இடத்தை அறிந்தாலன்றிக் கணிக்க முடியாது. இடத்தை உலாவியிடம் கேட்கலாம். ஆனால் 2016 ஏப்ரலில் வந்த குரோம் 50 முதல், மறைகுறியீட்டுப் பாதுகாப்பற்ற இணைப்பின் வழி வரும் பக்கத்துக்கு உலாவி இடத்தைச் சொல்வதில்லை. ஆதலாற் பக்கங்கள் பாதுகாப்பான இணைப்புக்கு மாறின, மாறியது நன்றே. அவ்விணைப்புக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழை நம்புவதற்கு அதன் வேர்ச் சான்றிதழ் கருவியிற் பதிந்திருக்க வேண்டும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு பழைய கருவிகளுக்காகச் சார்ந்திருந்த வேர்ச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 இற் காலாவதியாயிற்று. அதன் புதிய வேரை அறியாத பழைய கருவிகள் பல அன்றிலிருந்து கணக்கற்ற தளங்களைத் திறக்க மறுத்தன. 7.1.1 க்கு முந்திய ஆண்ட்ராய்டுக்கெனச் செய்யப்பட்ட தனி ஏற்பாடும் 2024 செப்டெம்பரோடு முடிவுற்றது. இவ்வாறு பாதுகாப்பற்ற பக்கத்துக்குப் புதிய உலாவி இடம் சொல்லாது. பாதுகாப்பான பக்கத்தைப் பழைய உலாவி திறக்காது.

இந்த நெருக்கடியிற் சிக்கிய நிரல் இடத்தை ஊகிக்கிறது. ஊகிப்பதற்கு எஞ்சியவை இரண்டு: ஒன்று இணைய முகவரி, மற்றையது நேரவலயத்தின் பெயர். இலங்கை முழுவதற்கும் உள்ள நேரவலயம் ஒன்றே. அதன் பெயர் உலகக் கணினிகள் யாவற்றிலும் 'ஆசியா/கொழும்பு'. இணைய முகவரியும், சேவை வழங்குவோர் தலைநகரிற் பதிவு பெற்றிருத்தலாற் பெரும்பாலும் கொழும்பையே சுட்டும். திரையில் நேரம் அழகாகத் தெரியும், விநாடி தவறாது நடக்கும். வைகறை மட்டும் எட்டு நிமிடம் பிந்தியிருக்கும்.

மின்வெட்டும் தன் பங்கைச் செய்தது. 2022 இன் நெருக்கடியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில், அண்மைய ஐந்தாம் வகை நீங்கலாக, மின்சாரமின்றி நேரம் காக்கும் மணிக்கூடு கிடையாது. மீள எழும்போது வலையமைப்பிடம் கேட்டே நேரம் அறிய வேண்டும். கேட்கும் வழி அடைபட்டிருந்தால் பழைய தேதியோடு எழும். பழைய தேதியில் நிற்கும் கருவிக்கு, இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத சான்றிதழாகத் தோன்றும். எனவே பக்கம் திறவாது. இது எவருடைய குற்றமும் அன்று. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடுகளில் ஒன்று சரிந்தால் மற்றவை சரிவது இயல்பு.

இனி எழுத்தைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். கரையோரப் பலகையிற் பெரும்பாலும் தமிழும் அரபும் ஒருங்கே இடம்பெற வேண்டும், சிங்களமும் வேண்டப்படலாம். தமிழ் இணையத்தின் முதற்பத்தாண்டு முழுவதும் இந்தப் பொருத்தப்பாட்டுச் சிக்கலின் வரலாறே எனலாம். 1995 இற் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை ஆக்கினார். 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒவ்வோர் எழுத்துரு. ஈழத்தார் பெரிதும் கையாண்ட பாமினியில் தமிழெழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தின் இருக்கையில் அமர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தெரியும். அக்காலத்து இதழ்கள் சில, பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் நுட்பத்தைக் கையாண்டன. எக்ஸ்புளோரருக்கு ஒருவகை, நெட்ஸ்கேப்புக்கு வேறொருவகை. உலாவி மறைந்ததும் எழுத்தும் மறைந்தது.

ஒருங்குறியில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. எனினும் இடம் கிடைத்தல் வேறு, திரையிற் சரியாக வரையப்படுதல் வேறு. 'கல்முனை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது நான்கு எழுத்து. ஒருங்குறியில் ஏழு குறி. ககரம், லகரம், புள்ளி, மகரம், உகரக் குறி, னகரம், ஐகாரக் குறி என வரிசையாகச் சேமிக்கப்படும். ஐகாரக் குறி னகரத்துக்குப் பின்னே சேமிக்கப்பட்டாலும் முன்னே வரையப்பட வேண்டும். மகரமும் உகரக் குறியும் இணைந்து ஒரே வடிவாக வேண்டும். இதனைச் செய்யத் தெரியாத கருவியில் ஊரின் பெயரே சிதைந்து, சங்கிலிக் கொம்பு தனியே பிற்பக்கம் தொங்கும். எழுத்துருவே இல்லாத கருவியில் ஏழு வெற்றுக் கட்டங்கள் நிற்கும். தொடக்ககால ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளில் தமிழர் ஓப்பரா மினியை நாடியதன் காரணம் இதுவே. அவ்வுலாவியின் மறைவான அமைப்பொன்றை மாற்றினால், தொலைவிலுள்ள கணினி தமிழைப் படமாக்கி அனுப்பும். கைப்பேசி அறிய வேண்டியது எதுவுமில்லை. கற்றறிந்தோர் இதனைத் தற்காலிக உத்தியென ஒதுக்கினர். ஆனாற் கருவியிடம் குறைவாகக் கேட்பதே நெடிது வாழும் வழி என்பதை அது உணர்த்திற்று.

இவ்விடத்தில் நம் மையக் கருத்தைக் கூறலாம். நேரப் பலகையின் தேவை கடந்த முப்பதாண்டிற் சிறிதும் வளரவில்லை. ஓர் ஊரின் தொழுகை நேரங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு நிமிட வேறுபாட்டுக்குள் மீள்வன. ஆண்டுக்கு 366 நாள், சூரிய உதயம் சேர்த்து நாளுக்கு ஆறு நேரம். ஆக 2196 எண்கள். சிறு நூலின் சில பக்கங்களுக்கு மேற்படாத செய்தி. இவற்றை ஒரு கோப்பில் வைத்து, இன்றைய தேதிக்குரிய ஆறையும் எடுத்துக் காட்டுவதற்கு 1997 இல் நியமமாக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்டே போதும். குரோமியம் 38 மட்டுமன்று, சபிக்கப்பட்ட எக்ஸ்புளோரர் ஆறும் இதனைச் செய்யும். ஊர் நிலையானது, எனவே இடத்தைக் கேட்க வேண்டியதில்லை. கோப்பு உள்ளே இருக்கிறது. எனவே சான்றிதழ் வேண்டியதில்லை. கூடியது எழுதுவோரின் வசதியே, தேவையன்று. பெரிய நிரற்கட்டுகளைத் தருவித்து, அவை தாமாகவே உண்டாக்கும் புதுக்குறிகளோடு பக்கத்தை வெளியிடுவது இன்றைய தொழின்முறை. பழைய உலாவிகளுக்கேற்ப நிரலை மொழிபெயர்த்துத் தரும் கருவிகள் 2014 முதலே உள்ளன. அவற்றுக்கு எவ்வெண் வரை இறங்குவது என்று ஒரு வரியிற் சொல்ல வேண்டும். அவ்வெண்ணைத் தெரிபவர், தன் மேசையிலுள்ள புதிய கணினியைப் பார்த்தே பெரும்பாலும் தெரிகிறார்.

எழுதுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பழைய உலாவியின் பாதுகாப்புத் துளைகள் மூடப்படாதவை. எல்லாப் பதிப்பிலும் சோதித்தல் பெருஞ்செலவு. பழையவற்றைத் தாங்குவதற்கென அயலாரின் நிரலை நாடுவதும் ஆபத்தற்றதன்று: பழைய உலாவிகளின் குறைகளை நிரப்பித் தந்த பாலிஃபில் என்ற இலவசச் சேவையின் முகவரி 2024 இல் கைமாறி, அவ்வாண்டு ஜூனில் அதன் வழியே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் தீங்கு நிரல் புகுந்தமை கண்டறியப்பட்டது. ஆகவே 'புதிய பெட்டி வாங்குக' என்று அவர்கள் சொல்வது சோம்பலினால் மட்டும் அன்று.

ஆனால் அவ்வறிவுரையின் விலை இடத்துக்கிடம் வேறுபடும். 2022 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டிலேயே 360 ஐக் கடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. கரையோரப் பள்ளிவாசலின் சொத்து ஊரின் சொத்து; குடிவழி மரைக்காயர் முறையின் தடம் இன்னும் மறையாத இவ்வூர்களில் ஒவ்வொரு செலவும் ஜமாஅத்தார் முன் விளக்கப்படுவது. ஒளி குன்றாத திரையைக் கழற்றிவிட்டு மற்றொன்று வாங்கவேண்டும், காரணம் 79 க்கும் 80 க்கும் உள்ள வேறுபாடு என்று நம்பிக்கையாளர் சபைக்கு விளக்கப் புகுந்தவரின் நிலை இரங்கத்தக்கது. திரையை மாற்றாது, அதன் பின்புறம் சிறு கணினியொன்றைச் செருகி மூளையை மட்டும் மாற்றலாம். இதுவே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. 2024 முதற் பெரிய நிறுவனங்கள் சில மாதிரிகளுக்கு ஐந்தாண்டு, ஏழாண்டு எனப் புதுப்பிப்பை உறுதிகூறத் தொடங்கியுள்ளமை நல்ல அறிகுறி. ஏற்கெனவே சுவரிலிருப்பவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு அது உதவாது.

நேரப் பலகையோடு இச்சிக்கல் நின்றுவிடப் போவதுமில்லை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கரையோரத்தின் பொதுத் திரைகள் இடர் அறிவிப்புக்கும் பயன்படும் காலம் வருமாயின், எச்சரிக்கையைக் காட்டும் பக்கம் எந்தப் பதிப்புவரை திறக்கும் என்பதை அதனை எழுதுவோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளிவாசலுக்குரிய கோப்பை இப்பகுதி இளைஞரே ஆக்கலாம். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்கு இது ஒரு பிற்பகல் வேலை. ஜம்இய்யாவின் வலய நேரங்களை 366 வரிகளாக எழுதி, தமிழெழுத்துருவையும் அரபெழுத்துருவையும் உடன்வைத்து, தலைப்புச் சொற்களைப் படங்களாக்கி, பழையதொரு பெட்டியிலே முதலிற் சோதித்துப் பின் புதியதிற் சோதிக்க வேண்டும். வேறு வலயத்தின் கோப்பு தவறி ஏற்றப்பட்டால் உடனே தெரியும்படி ஊரின் பெயரை நேரத்துக்கு மேலே பெரிதாக இடுவது நன்று. கோப்பில் எழுத முடியாதது ஹிஜ்ரி மாதத்தின் தேதி ஒன்றே. புதிய உலாவிகள் இஸ்லாமிய நாட்காட்டியைத் தாமே கணித்துக் காட்ட வல்லன. ஆயினும் நம் நாட்டில் மாதம் பிறை கண்டே தொடங்குவதால், கணிப்பு ஒருநாள் முன்பின்னாக அமையக்கூடும். இருபத்தொன்பதாம் நாள் மாலை கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் முடிவு அறிவிக்கப்பட்டபின், அந்த ஓர் எண்ணை மோதினாரே கையால் மாற்றிவைக்க வேண்டியிருக்கும்.